நாவற்கொட்டையும் தராசும்

(புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று மருந்தைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் வைத்தியனல்ல, இரசாயனம் படித்துப் பட்டம் வாங்கியவனுமல்ல. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் வாசகசாலையில் படித்ததும், விஷயம் தெரிந்தவர்களை வெட்கமில்லாமல் கேட்டுத் தெரிந்துகொண்டதுந்தான். ஆகையால் நான் சொல்லிவிட்டேன் என்பதற்காக எதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் புத்தியில் உரைத்துப் பாருங்கள், தேறினால் வைத்துக்கொள்ளுங்கள், தேறாவிட்டால் இங்கேயே போட்டுவிட்டுப் போங்கள்.

சந்தைகளிலும் திருவிழாக்களிலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு மேஜை, அதன்மேல் அகத்தியர் படம், ஊதுவத்தி, கறுப்புத் தூள் நிறைந்த சீசாக்கள். "சுத்தமான நாவற்கொட்டைச் சூரணம்! ஒரு மண்டலம் சாப்பிட்டால் சர்க்கரை வியாதி வேரோடு போகும்! ஊசி வேண்டாம், மாத்திரை வேண்டாம்!" என்று ஒருவர் கூவிக்கொண்டிருப்பார். இப்போது அதே கூவல் கைப்பேசிக்குள்ளும் வந்துவிட்டது.

அப்படிப்பட்ட ஒருவரிடம் நான் கேட்டேன்: "ஐயா, ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிட வேண்டும்?" "திரிகடிப் பிரமாணம்" என்றார். அதாவது மூன்று விரலால் எடுக்கிற அளவு. "யாருடைய விரல்?" என்று கேட்டேன். மூட்டை தூக்குகிறவர் விரலுக்கும் பத்து வயதுப் பெண்குழந்தை விரலுக்கும் வித்தியாசமில்லையா? "இந்தத் தூளில் மருந்துச் சத்து எவ்வளவு?" என்று மறுபடியும் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சித்தர் சொன்னதை அளக்க நீ யார்?" என்றார்.

தோழர்களே, இன்றைய என் பேச்சு முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான். அளக்க நான் யார்? அளக்க நாம் யார்?

இந்த விஷயத்தில் நம் நாட்டில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒரு கட்சி, "முன்னோர் சொன்னது, ஆகவே மெய்" என்கிறது. இன்னொரு கட்சி, "நாட்டு மருந்து, ஆகவே பொய்" என்கிறது. இரண்டாவது கட்சியில் நம் தோழர்கள் சிலரும் இருக்கிறார்கள்; நானும் வெகுகாலம் இருந்தேன். இரண்டு கட்சிக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டும் கொட்டையை எடுத்து உடைத்துப் பார்த்ததில்லை. பார்க்காமலே ஆம் என்பவனுக்கும் பார்க்காமலே இல்லை என்பவனுக்கும் பகுத்தறிவில் ஒரே யோக்கியதைதான்.

கொட்டையை உடைத்துப் பார்த்தவர்கள் கதையைக் கேளுங்கள். நம் ஊரைச் சுற்றியுள்ள செம்மண் காடுகளிலும் கோயில் தோப்புகளிலும் எட்டி மரம் இருக்கிறது. அதன் பழம் பார்க்க அழகு, கொட்டை விஷம். அந்தக் கொட்டையைச் சுத்தி செய்து சித்த வைத்தியத்தில் மருந்தாகவும் கொடுத்துவந்தார்கள். ஒரே கொட்டை மருந்தாகவும் விஷமாகவும் எப்படி இருக்கிறது? "தெய்வ சித்தம்" என்று சொல்லிவிட்டால் அதோடு விஷயம் முடிந்துபோகும். 1818இல் பாரிசு நகரத்தில் பெலத்தியே, கவாந்து என்ற இரண்டு மருந்துச் சாஸ்திரிகள் அப்படி முடித்துக்கொள்ளவில்லை. எட்டியின் இனத்தைச் சேர்ந்த இக்னேஷியஸ் கொட்டையிலிருந்து ஸ்ட்ரிக்னின் என்ற வெண்மையான பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதே பொருள் எட்டிக்கொட்டையிலும் இருந்தது. ஜாவாத் தீவில் அம்புமுனையில் பூசுகிற உபாஸ் நஞ்சைப் பிரான்சுக்குக் கொண்டுபோன லெஷெனோ என்ற தாவர ஆராய்ச்சிக்காரரை 1816இல் பிரஞ்சு சர்க்கார் அனுப்பிவைத்தது எந்த ஊருக்குத் தெரியுமா? இதே புதுச்சேரிக்குத்தான். அவர் கொண்டுபோன அந்த நஞ்சும் எட்டி இனத்துச் செடியிலிருந்து எடுத்ததுதான்.

இப்படிப் பிரித்ததால் என்ன இலாபம்? எட்டிக்கொட்டையின் விஷத்துக்குக் காரணம் தெய்வமுமல்ல, சாபமுமல்ல, நூறு பங்கு எடைக்கு இரண்டு மூன்று பங்கு இருக்கும் உப்புப் போன்ற பொருள்களே என்று தெரிந்தது. எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான், அதை வைத்தியத்துக்கு உபயோகிப்பது எத்தனை அபாயம் என்பதும் தெரிந்தது. இன்று மேல்நாட்டு வைத்தியம் அதை மருந்தாகக் கொடுப்பதையே விட்டுவிட்டது. அளவு, மருந்தை ஏற்கவும் கற்றுக்கொடுக்கும், தள்ளவும் கற்றுக்கொடுக்கும்.

அந்த இரண்டு பேரே 1820இல் சிங்கோனாப் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தார்கள். அதுவரை குளிர்காய்ச்சலுக்குப் பட்டைத் தூளைக் கொடுத்துவந்தார்கள். ஒருவனுக்குக் காய்ச்சல் விடும், இன்னொருவனுக்கு விடாது. விட்டால் மருந்தின் மகிமை, விடாவிட்டால் அவன் தலைவிதி. காரணம் என்னவென்றால் ஒரு பட்டையில் சத்து அதிகம், மற்றொன்றில் குறைவு, இன்னொன்று சிங்கோனாவே அல்ல!

பின்னால் நம் நீலகிரியில் சிங்கோனா பயிரிட்டார்கள். பட்டையில் எவ்வளவு சத்து இருக்கிறதென்று அளப்பதற்கென்றே 1866இல் புரோட்டன் என்ற இரசாயனரைச் சென்னை சர்க்கார் நியமித்தது. ஒரே தோட்டத்தில் மரத்துக்கு மரம் அளவு மாறுவது தெரிந்தது. அடிமரத்தைப் பாசியால் மூடிவைத்தால் மறுபடி வளரும் பட்டையில் குயினைன் கூடுவதும் தெரிந்தது. அதோடும் நிற்கவில்லை. பட்டையில் குயினைனைத் தவிர இன்னும் மூன்று சத்துகள் இருக்கின்றனவே, அவையும் காய்ச்சலைத் தீர்க்குமா என்று 1866 முதல் 1868 வரை சென்னை மாகாணத்தில் நோயாளிகளிடம் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார்கள். தீர்க்கும் என்று கண்டார்கள். பட்டையில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு அளவு. மனிதனுக்கு அது என்ன செய்கிறது என்பது மற்றொரு அளவு. இந்த இரண்டையும் மறவாதீர்கள்.

இப்போது நாவற்கொட்டைக்கு வருவோம்.

நாவற்பழம் தின்றால் நாக்கு ஊதாவாகிறது. கொட்டையைக் கடித்தால் துவர்க்கிறது. அந்தத் துவர்ப்புக்குக் காரணமான பொருள்களைத்தான் இரசாயனர்கள் தேடுகிறார்கள். கடுக்காயிலும் மாசிக்காயிலும் இருக்கிற அதே ஜாதித் துவர்ப்பு. (மனிதருக்குள் ஜாதி இல்லை, பொருள்களுக்குள் இருக்கட்டும்.) அவற்றுள் ஒன்றுக்குக் கல்லிக் அமிலம் என்று பெயர். அந்தப் பெயரே மாசிக்காய் போன்ற மரக்கட்டிகளிலிருந்து வந்ததுதான்; பிறந்த குழந்தைக்கு நம் பாட்டிமார் உரைத்துக் கொடுக்கிறார்களே, அதே மாசிக்காய். எல்லாஜிக் அமிலம் என்று மற்றொன்றும் நாவற்கொட்டையில் உண்டு.

இவற்றை எப்படி அளக்கிறார்கள்? கொட்டையைக் கழுவி நிழலில் உலர்த்தி அரைத்துச் சலிக்கிறார்கள். தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்கிறார்கள். சாராயச் சத்தும் தண்ணீரும் கலந்து அதில் ஊறவைத்து வடிகட்டுகிறார்கள். வடித்த சாற்றில் கொஞ்சம் எடுத்து, ஃபோலின், சியோகால்ட்டு என்ற இருவர் 1927இல் சொன்ன மஞ்சள் திராவகத்தைச் சேர்த்து, சலவைச் சோடா கரைசலையும் விட்டு வைக்கிறார்கள். துவர்ப்புப் பொருள் இருந்தால் மஞ்சள் நீலமாகிறது. அதிகம் இருந்தால் கருநீலம், குறைந்தால் வெளிர்நீலம்.

நம் தாய்மார்களுக்கு இது புதிதல்ல. வெள்ளை வேட்டியை அலசும்போது வாளியில் எத்தனை சொட்டு நீலம் விட்டோம் என்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவீர்கள். இரசாயனரும் அதையேதான் செய்கிறார். அவர் கண்ணை நம்பாமல், சாற்றின் வழியே ஒளியை விட்டு, எவ்வளவு ஒளி தடைபட்டது என்று கருவியால் பார்க்கிறார். பிறகு, சரியாக நிறுத்துப் போட்ட சுத்தமான கல்லிக் அமிலத்தை அதே மாதிரி நீலமாக்கி ஒப்பிட்டு, "ஒரு கிராம் தூளில் இத்தனை மில்லிகிராம் கல்லிக் அமிலத்துக்குச் சமமான சத்து" என்று எழுதுகிறார். இதில் மந்திரமில்லை, ஆசீர்வாதமில்லை, குருபரம்பரை இல்லை. யார் செய்தாலும், சரியாகச் செய்தால், அதே விடை வரவேண்டும். வராவிட்டால் முதலில் செய்தவர் தப்பு என்று சொல்ல இரண்டாவது ஆளுக்கு உரிமை உண்டு. இந்த உரிமை எந்த மடத்தில் இருக்கிறது? எந்த வேதத்தில் இருக்கிறது?

ஆனால், தோழர்களே, இந்த நீலத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாதீர்கள். அந்தத் திராவகம் துவர்ப்புக்கு மட்டும் நீலமாவதில்லை. நெல்லிக்காயில் இருக்கிற வைட்டமின் சி-க்கும் நீலமாகும்; சிலவகைச் சர்க்கரைக்கும், புரதத்துக்குங்கூட ஓரளவு நீலமாகும். ஆகவே நீலம் முழுவதும் மருந்தென்று சொல்ல முடியாது. அதனால்தான் சாற்றிலுள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கும் முறை வேண்டியதாயிற்று. ரஷ்யரான த்ஸ்வெட் என்ற தாவர சாஸ்திரி, இலைச் சாற்றைச் சுண்ணாம்புத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் வடியவிட்டு, பச்சையும் மஞ்சளும் தனித்தனிப் பட்டைகளாய்ப் பிரிவதைக் காட்டினார். 1906இல் அதை விவரமாய் வெளியிட்டார். அந்த வழியில் வளர்ந்த கருவிகள்தான் இன்று எந்த மருந்துச் சரக்கில் எது எவ்வளவு என்று சொல்லுகின்றன.

அப்படி அளந்தவர்கள் கண்டது என்ன? கொட்டை எந்த ஊர், பருப்பா தோலா, எப்படி உலர்த்தியது, எதில் ஊறவைத்தது என்பதையெல்லாம் பொறுத்துச் சத்தின் அளவு பல மடங்கு மாறுகிறது. சென்ற வாரம் வாங்கிய சீசாவும் இந்த வாரம் வாங்கிய சீசாவும் ஒன்றென்று யாராலும் சொல்ல முடியாது. அப்படியிருக்க, திரிகடி என்றால் எதில் மூன்று விரல்?

இன்னொரு வேடிக்கையும் சொல்லுகிறேன். மேல்நாட்டு விளம்பரக்காரன் நம் சந்தைக்காரனுக்கு இளைத்தவனல்லன். குழாயில் போட்டுப் பார்த்தால் இந்தப் பழச்சத்து உயிர்க்காற்றின் அரிப்பைத் தடுக்கிறது, ஆகவே உடம்பிலும் தடுக்கும் என்று சொல்லிப் பழச்சாற்றையும் மாத்திரையையும் விற்றான். அமெரிக்க விவசாய இலாகா எந்த உணவுக்கு எவ்வளவு அந்தச் சக்தி என்று ஒரு பட்டியல் வைத்திருந்தது. 2012இல் அதை எடுத்தே விட்டது. குழாயில் வந்த எண் மனித உடம்பில் நடப்பதைக் காட்டாது, வியாபாரிகள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று காரணமும் சொன்னது. தன் அளவையே தவறென்றால் நீக்கிவிடுகிற யோக்கியத்தனம் விஞ்ஞானத்துக்குத்தான் உண்டு. எந்தப் புராணமாவது தன்னில் ஒரு அத்தியாயத்தை வாபஸ் வாங்கியதுண்டா?

சரி, மனிதனிடத்தில் அளந்தார்களா? அளந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவுக்கு நாவற்கொட்டை போய், சர்க்கரை வியாதிக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எலிகளிடத்தில் பல சோதனைகள் நடந்தன; அவற்றில் சிலவற்றில் சர்க்கரை இறங்கியது. மனிதரிடத்தில் கொட்டைத் தூளைக் கொடுத்த சில சிறு சோதனைகளில் கொஞ்சம் இறங்கியதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆள் குறைவு, காலமும் குறைவு. பிரேசில் நாட்டில் நாவல் இலைத் தேநீரை ஜனங்கள் சர்க்கரைக்குக் குடிக்கிறார்கள். அங்கே நோயாளிகளைப் பிரித்து, வழக்கமான மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து 2006இல் வெளியிட்டார்கள். மாத்திரைக்குச் சர்க்கரை இறங்கியது, தேநீருக்கு இறங்கவில்லை. அது இலை, இது கொட்டை. ஒன்றை வைத்து மற்றொன்றைத் தள்ளக்கூடாது. ஆகையால் நேர்மையான தீர்ப்பு என்னவென்றால்: நாவற்கொட்டையில் ஆராய வேண்டிய சங்கதி இருக்கிறது, ஆனால் ஊசியையும் மாத்திரையையும் நிறுத்திவிட்டு அதை நம்புவதற்கு ஆதாரம் ஒன்றுமில்லை.

இன்சுலின் மட்டும் என்ன, வானத்திலிருந்தா விழுந்தது? 1922 ஜனவரியில் கனடா தேசத்து டொரான்டோ நகரத்தில் லெனர்டு தாம்ப்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு முதன்முதல் போட்டார்கள். முதல் ஊசி சரிப்படவில்லை, சரக்கு சுத்தமாயில்லை. "பையன் பத்தியம் தவறினான்" என்று அவர்கள் சொல்லவில்லை. கொலிப் என்ற இரசாயனர் மருந்தைச் சுத்தப்படுத்தினார். சில நாள் கழித்துப் போட்ட ஊசியில் சர்க்கரை இறங்கியது. ஆரம்பத்தில் அந்த மருந்தும் தடவைக்குத் தடவை வீரியம் மாறியது. முயலிடத்தில் சோதித்து, இவ்வளவு சர்க்கரையை இறக்குவது ஒரு யூனிட் என்று வகுத்தார்கள். இன்று புதுச்சேரியில் போடுகிற பத்து யூனிட்டும் பாரிசில் போடுகிற பத்து யூனிட்டும் ஒன்றே. யார் விரலென்று கேட்க வேண்டிய அவசியமில்லை.

"பத்தியம்" என்றேன். அதைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என்னை வளர்த்தவர் என் சின்னம்மா. பல வருஷமாய்ச் சர்க்கரை; தினம் ஊசி. ஒரு வியாபாரியிடம் இந்தத் தூளை வாங்கி வந்தார். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள் ஊசியைத் தொடக்கூடாது. இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கவும் கூடாது, பார்த்தால் மருந்தின் வீரியம் போய்விடும் என்று சொல்லியிருந்தான். கவனியுங்கள்: அளக்காதே என்பதே அந்த மருந்தின் முதல் பத்தியம்! நான் அப்போது என்ன செய்தேன்? பெரிய பகுத்தறிவுவாதியைப் போலச் சிரித்தேன். "அகத்தியர் பொடியா? தின்னு, தின்னு" என்று கேலி செய்துவிட்டு வெளியூர்க் கூட்டத்துக்குப் போய்விட்டேன். ஊசியை அவர் நிறுத்திவிட்டது எனக்குத் தெரியாது. நான் கேட்கவுமில்லை.

மாசிமகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் செருப்பில்லாமல் நடந்து போனார். காலில் ஏதோ குத்தியிருக்கிறது. சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்திருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. நான் திரும்பி வந்தபோது கால் கறுத்திருந்தது. முதலில் இரண்டு விரல் எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சின்னம்மா என்னிடம் சொன்னார்: "அந்த ஆள் மேலே குத்தமில்லைடா. நடுவுலே ஒரு நாள் கருவாடு தின்னுட்டேன். பத்தியம் நான்தான் தவறிட்டேன்."

தோழர்களே! அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. மருந்து பலித்தால் சித்தர் பெருமை. பலிக்காவிட்டால் கருவாட்டின் குற்றம். ஒருக்காலும் தோற்காதபடி செய்து வைத்திருக்கிற ஒன்று எப்படி மருந்தாகும்? அது மதம். மழை பெய்தால் யாகத்தின் பலன், பெய்யாவிட்டால் ஜனங்களின் பாவம் என்கிறானே, அதே தந்திரம் இது. என் கேலியும் அதற்கு உதவிதான் செய்தது. கேலி செய்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கருவியில் வைத்து, "இதோ பார் சின்னம்மா, எத்தனை என்று" எனக் காட்டியிருந்தால் அந்தக் கால் இருந்திருக்கும்.

"தமிழன் வைத்தியத்தை இழிவுபடுத்துகிறாயே" என்று சிலர் கேட்பார்கள். அளப்பது இழிவா? தட்டார் பொன்னை உரைப்பது பொன்னுக்கு இழிவா? போலிக்குத்தான் உரைகல்லைக் கண்டால் பயம். சூத்திரன் வேதத்தைக் கேட்டால் காதில் ஈயம் காய்ச்சி ஊற்று என்று சொன்னவனை எதிர்த்தோம். அதே நாம், "மறைபொருள், குரு சீடனுக்கு மட்டும் சொல்வது" என்று வைத்தியத்தைப் பூட்டி வைக்கிறவனை மட்டும் தமிழன் என்பதற்காக விட்டுவிடலாமா? மறைத்து வைத்த அறிவு எந்தப் பாஷையில் இருந்தாலும் பார்ப்பனியந்தான். தராசுக்கு ஜாதி தெரியாது. அந்த நீலத்துக்குக் குலம் கோத்திரம் தெரியாது.

இன்னொன்று. "அந்தப் பொடியைத் தின்று எனக்கு மெய்யாகவே இறங்கியதே" என்று சிலர் சொல்லுவார்கள். இறங்கியிருக்கலாம். பல தேசங்களில் "இயற்கை மருந்து" என்று விற்ற பொடிகளைச் சோதித்தபோது, ஆங்கில மருந்துக் கடையில் விற்கிற சர்க்கரை மாத்திரையையே அதற்குள் அரைத்துக் கலந்திருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எவ்வளவு கலந்திருக்கிறதென்று தின்கிறவருக்குத் தெரியாது. சர்க்கரை அதிகமாய் இறங்கினாலும் உயிர் போகும். பெருமை அகத்தியருக்கு, வேலை மாத்திரைக்கு, ஆபத்து உங்களுக்கு!

சட்டம் இல்லாமலில்லை. சர்க்கரை வியாதியைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்யக்கூடாதென்று 1954இலேயே இந்திய சர்க்கார் சட்டம் செய்திருக்கிறது. சட்டம் புத்தகத்தில் தூங்குகிறது. விளம்பரம் தெருவில் விழித்திருக்கிறது. 1823இலேயே வைத்தியப் பள்ளியும் 1826இலேயே தாவரத் தோட்டமும் கண்ட ஊர் இது. இன்று கல்லூரிகளும் சோதனைச் சாலைகளும் நிறைந்திருக்கிற ஊர். நம் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். அவர்களிடம் சொல்லுங்கள்: சந்தைச் சீசாவை வாங்கிக்கொண்டு போய் உடைத்துப் பாருங்கள், உள்ளே என்ன, எவ்வளவு என்று ஊரறியச் சொல்லுங்கள் என்று.

தாய்மார்களே! எந்த மருந்தானாலும், நாட்டு மருந்தோ, சீமை மருந்தோ, நான்கு கேள்வி கேளுங்கள். உள்ளே என்ன? எவ்வளவு? எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தீர்கள்? எது நடந்தால் இது பலிக்கவில்லை என்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்? நான்காவது கேள்விக்குப் பதில் சொல்லாதவனிடம் மருந்து வாங்காதீர்கள். நாவற்பழம் கிடைக்கிற காலத்தில் தாராளமாய்த் தின்னுங்கள்; நல்ல பழம். ஆனால் ஊசியையோ மாத்திரையையோ டாக்டரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். சோதித்துப் பார்க்காதே என்று சொல்லுகிறவன் சித்தனானாலும் சரி, டாக்டரானாலும் சரி, நானேயானாலும் சரி, அந்த இடத்தைவிட்டு எழுந்து வாருங்கள்.

"அளக்க நீ யார்?" என்று அந்த வியாபாரி கேட்டாரல்லவா? அவருக்கு என் பதில் இதுதான்: தின்கிறவன் நான்; காலை இழக்கிறவள் என் சின்னம்மா; அளக்கும் உரிமையும் எங்களுடையதுதான்.